பத்தொன்பது நல்ல போன்கள்

போன் சார்ஜ் ஏறவில்லை என்று என் கடைக்கு வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குப் பழுது எதுவும் இருக்காது, சேர். வயரைக் குத்தும் துவாரத்தில் சட்டைப்பைப் பஞ்சு போய் அடைத்திருக்கும். ஊசியால் கிண்டி எடுத்துக் கொடுத்துவிடுவேன். அதற்கு நான் காசு வாங்குவதில்லை. பதுளைக் கடைவீதியில் ஷிராஸ் என்றால் நாணயமான ஆள் என்று சொல்வது அதனால்தான். நான் இங்கே சொல்லப்போவதைக் கேட்கும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு சின்னப் பிரச்சினை இருந்தது. இரண்டு வருடமாகத் தீரவில்லை. அது ஓர் எண். இருநூற்றுப் பதினோரு இலக்கம் உள்ள எண். இரண்டு பெரிய எண்களைப் பெருக்கினால் அது வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த இரண்டும் எவை என்று தெரியாது. எனக்கு மட்டுமல்ல, யாருக்கும் தெரியாது.

தெரியாத ஒன்றை எப்படி நிச்சயமாகச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏழு என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் நூற்று இருபத்தெட்டு. அதை ஏழால் வகுத்தால் மீதி இரண்டு. எதைப் பெருக்கத் தொடங்கினோமோ அதுவே மீதியாக வந்து நிற்கிறது. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் முதன்மை எண் எதுவானாலும் இப்படித்தான் நடக்கும். இனி ஒன்பது. ஒன்பது இரண்டுகளைப் பெருக்கினால் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்பதால் வகுத்தால் மீதி எட்டு. இரண்டு வரவில்லை. ஆகவே ஒன்பது முதன்மை எண் இல்லை. மூன்று என்ற பேச்சே எடுக்காமல் அதைக் கண்டுபிடித்துவிட்டோம். இந்தச் சோதனையில் தேறிய எண்ணைச் சந்தேகிக்கலாம். தவறிய எண்ணைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. என்னுடைய எண் தவறியது. கடையில் இருக்கும் பழைய கணினி அதைச் சொல்ல ஒரு விநாடிகூட எடுக்கவில்லை. உடைகிற எண்தான், எங்கே உடையும் என்றுதான் தெரியவில்லை.

இதை நான் ஆர்வமாக எல்லோருக்கும் சொல்வேன். யாரும் கடைசி வரை கேட்டதில்லை. என் மனைவி ஸல்மா ஏழு முடிந்து ஒன்பதுக்கு வருவதற்குள் எழுந்துவிடுவாள். "ஏழையும் ஒம்பதையும் வச்சிக்கிட்டு நீங்க இரிங்க. எனக்கு மீன் சட்டி அடுப்புல ஈக்கி" என்பாள்.

இந்த மாதிரி எண்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. உலகத்தில் என்னைப்போலப் பொழுதுபோக்குக்காகக் காரணி தேடுகிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கிற பட்டியல். ஒருவர் தபால்காரர், ஒருவர் பல் வைத்தியர். எண்ணை உடைத்தவருக்குப் பரிசு எதுவும் கிடையாது. எண்ணுக்குப் பக்கத்தில் அவருடைய பெயர் இருக்கும், அவ்வளவுதான். பெரிய இயந்திரங்கள் வைத்திருப்பவர்கள் மனம் வைத்தால் என் எண்ணையும் உடைக்கலாம். அவர்களுக்கு அதில் அக்கறை இல்லை. அந்தப் பட்டியலில் ஊவா மாகாணத்திலிருந்து ஒரு பெயரும் இல்லை.

உடைக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு பூட்டு இருக்கிறது. நாற்பத்திரண்டாயிரம் சாவிகள் இருக்கின்றன. எந்தச் சாவி திறக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு சாவிக்கும் இன்னொரு சாவிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரே ஆள்தான் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. என் கணினி ஒரு சாவிக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. கரண்ட் போகாவிட்டால் ஏழு வருடத்தில் முடியும். பதுளையில் கரண்ட் போகாவிட்டால் என்று பேசுவதில் பொருள் இல்லை. எனக்கு நாற்பத்தேழு வயது, பிரஷர் வேறு.

அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். மேசை நிறையப் போன்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கணினி. பண்டாரவளை, நமுனுகுலை, பூனாகலை என்று எல்லா இடத்திலிருந்தும் வந்தவை. நாளில் இருபத்துமூன்று மணித்தியாலம் சும்மா கிடப்பவை. ஒரு செயலி எழுதினேன். பழுது பார்க்க வருகிற ஒவ்வொரு போனிலும் அதைப் போட்டு அனுப்பினேன். பெட்டரி பாதுகாப்பு என்று அதற்குப் பெயர் வைத்தேன். அந்தப் பெயரை யாரும் அழிக்க மாட்டார்கள். அனுமதி கேட்டாயா என்றால், இல்லை. கேட்டால் விளக்க வேண்டும். விளக்க நான் தயார்தான். அவர்களுக்குப் பஸ் பிடிக்க வேண்டும்.

ஒரு வருடத்தில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு போன்கள் சேர்ந்தன. யாருடைய படத்தையும் பார்க்கவில்லை, யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. நான் எடுத்தது பெட்டரியில் கொஞ்சம், அவ்வளவுதான். அதிலும் அளவு வைத்திருந்தேன். சார்ஜ் ஐம்பது வீதத்துக்கு இறங்கியதும் செயலி நின்றுவிடும். பிறகு பார்த்தால் தேயிலைத் தோட்டத்துப் போன்கள் ஐம்பதுக்கு மேல் ஏறுவதே அபூர்வம், ஆகவே முப்பத்தைந்தாக்கினேன். முப்பத்தைந்தில் வேலை மெதுவாக நடந்தது, இருபதாக்கினேன். ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் செய்தேன்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு சாவிக்கும் இரண்டு பாகம் வேலை. முதல் பாகத்தை எந்தப் போனும் செய்யும். முடிவு ஒரு குறுஞ்செய்தி அளவுதான் வரும். இரண்டாம் பாகத்துக்கு நிறைய நினைவகம் வேண்டும். அப்படிப்பட்ட நல்ல போன்கள் என்னிடம் பத்தொன்பதுதான் இருந்தன. மற்ற ஆயிரத்துச் சொச்சம் போன்கள் செய்துவைத்ததை இந்தப் பத்தொன்பதும் முடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டாம் பாகம் நடுவில் நின்றால் செய்ததெல்லாம் வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே அந்தப் பத்தொன்பதுக்கு மட்டும் இருபது வீதம் என்ற எல்லையை எடுத்துவிட்டேன். பெட்டரி தீரும் வரை அவை ஓடும்.

பத்தொன்பதில் ஒன்று சுபாஜினியின் போன். நமுனுகுலைக்கு மேலே தேன்பாறைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். முப்பது வயது இருக்கும். ஒரு தொண்டு நிறுவனம் அவளுக்குக் கொடுத்த போன் அது. கண்ணாடி வெடித்து ஒரு தடவை வந்தாள். மாற்றிக் கொடுத்தேன், செயலியையும் போட்டேன். இரண்டு மாதத்தில் மறுபடி வந்தாள்.

"நானா, இதுக்கு என்னமோ வந்திருச்சி. காலையில நூறு காட்டுது. பகல் சோறு திங்கிறதுக்குள்ள செத்துப் போகுது. கையில புடிச்சா தோசைக்கல்லு மாதிரி சுடுது."

"வீடியோ பாக்குறீங்களோ?"

"ஆமா, பன்னெண்டு புள்ளைகள வச்சிக்கிட்டு படம் பாக்க எனக்கு நேரமிருக்கு பாருங்க. ஒண்ணு அழுதா ஒண்ணு ஒண்ணுக்குப் போகும். நீங்க வந்து ஒரு நாளைக்கிப் பாத்துக்கிங்க, நான் இங்க ஒக்காந்து போன் நோண்டுறேன்."

சிரித்தோம். பிறகு அவள் அந்தப் போன் எதற்கு என்று சொன்னாள். பிள்ளைக் காம்பரா முற்றத்தில் ஒரு மழைமானி நட்டிருக்கிறார்கள். மழை நாட்களில் மணிக்கு ஒரு தடவை அவள் அதைப் பார்க்க வேண்டும்.

"நூத்தம்பத தாண்டுச்சின்னா கீழ் லயத்து வீடுகளுக்கு நான்தான் போன் அடிக்கணும். மேல மலை வெடிச்சி நிக்கிது. கீழ இருவது வீடு. நான் அடிச்சா அவுங்க எல்லாத்தையும் போட்டுட்டுக் கோயிலுக்குப் போயிரணும். அதுக்குத்தான் இந்தப் போன குடுத்தாங்க. சும்மா குடுக்கல."

மழைமானி எப்படி அளக்கிறது என்று விவரமாகக் கேட்டேன். அகன்ற புனல், ஒடுங்கிய குழாய்; ஒரு மில்லிமீற்றர் மழை குழாயில் பத்து மில்லிமீற்றராக உயர்ந்து தெரியும். எளிமையான, நல்ல ஏற்பாடு. அதை அவளுக்கே விளக்கிச் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு அவளுடைய போனுக்குப் புதிய பெட்டரி போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

செயலியை எடுத்துவிடவில்லை. எடுக்க ஐந்து விநாடி போதும். பத்தொன்பதில் மூன்றாவது சிறந்த போன் அது.

போன டிசம்பரில் மூன்றாவது வெள்ளிக்கிழமை நடந்ததற்கு வருகிறேன். மூன்று நாளாக மழை. தேன்பாறையில் புதன்கிழமையே கரண்ட் போய்விட்டது. வெள்ளி காலை ஆறரைக்கு வந்தது. சுபாஜினி மற்ற வேலையெல்லாம் விட்டுவிட்டுப் போனைச் சார்ஜில் போட்டிருக்கிறாள். எட்டு ஐந்துக்கு நூறு வீதம். எட்டுப் பத்துக்குக் கரண்ட் மறுபடி போனது. அவள் போனைக் குழந்தைத் துணியொன்றில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். தொட்டால் சார்ஜ் இறங்கும் என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. எட்டுப் பன்னிரண்டுக்கு என் செயலி இரண்டாம் பாகம் ஒன்றைத் தொடங்கியது. இந்த நேரங்கள் நான் ஊகித்தவை இல்லை. செயலி எல்லாவற்றையும் என் கணினிக்கு எழுதி அனுப்பும்.

அன்றைக்குத்தான் பூட்டுத் திறந்தது. பதினொன்று இருபதுக்கு. பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் வாஹித் ஹாஜியார் உம்ரா செய்ய மக்காவுக்குப் போயிருந்தார். புதுப் போனைக் கையோடு கொண்டுபோய், பழையதைக் கடை மேசை லாச்சியில் சார்ஜ் வயரோடு விட்டுவிட்டிருந்தார். அவர் கடைக்கு ஜெனரேட்டர் இருக்கிறது. யாரும் தொடாமல், சூடாவதைப் பற்றி யாரும் முறையிடாமல், அந்தப் போன் தன்பாட்டில் ஓடி ஐம்பத்தெட்டு இலக்கத்தில் ஒரு காரணியை அனுப்பியது.

நான் உடனே வகுத்துப் பார்த்தேன். மீதி பூச்சியம். ஈவு நூற்று ஐம்பத்துநான்கு இலக்கம். அது முதன்மை எண்ணா என்று பார்த்தேன், ஆம். இரண்டையும் பெருக்கிப் பார்த்தேன். வேறு ஒரு நிரலில் மறுபடி வகுத்துப் பார்த்தேன். பிறகு கடதாசியில் இரண்டு எண்களையும் என் கையாலேயே எழுதினேன். வெளியே மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்தது. பாங்கு சொன்னதும் ஜும்ஆவுக்குப் போனேன். தொழுகையில் மனம் நிற்கவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்றரைக்குத் திரும்பி வந்து பட்டியல்காரர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

ஒன்று நாற்பத்தொன்றுக்குப் பத்தொன்பதில் ஒரு போன் அமைதியானதைத் திரையில் பார்த்தேன். கரண்ட் இல்லாத இடம், இயல்புதான் என்று நினைத்தேன்.

இரண்டு ஐம்பதுக்கு மழைமானியில் நூற்று ஐம்பத்தாறு. சுபாஜினி பையிலிருந்து போனை எடுத்தாள். மேல் பிரிவில் அப்போது அவளும் மூன்று குழந்தைகளும்தான். ஒன்றை இடுப்பிலும் இரண்டைக் கையிலுமாகக் குறுக்குப் பாதையில் கீழே ஓடியிருக்கிறாள். மூன்று ஐந்துக்கு மலை வந்தது. அவள் அப்போது பாதி வழியில்.

ஏழு பேர். ஓர் எண்ணைப் பார்த்தால் அது உடையுமா என்று பார்ப்பது என் வழக்கம், அன்று பார்க்கவில்லை. அதை எனக்குச் சார்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் நாள் சுபாஜினி கடைக்கு வந்தாள். அவளோடு அழகர் என்ற பெரியவரும் வந்தார். கீழ் லயத்துக்காரர். ஏழு பேரில் அவருடைய மனைவி பாக்கியலெட்சுமியும் ஒருவர். அவர் உட்காரவில்லை.

"கேளுங்க மொதலாளி. இவ சார்ஜ் போட்டாளாம். நூறு இருந்திச்சாம். நூறு இருந்த போன் பகலுக்குள்ள எப்பிடி சாகும்? நாடகம் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. தோட்டமே சொல்லுது."

"நான் தொடவே இல்லண்ணே" என்றாள் சுபாஜினி. அந்த வாசகத்தைப் பல பேரிடம் சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்திருந்தது. போனை என் மேசையில் வைத்தாள். "நானா, வாற மாசம் விசாரணை. பெட்டரி பழுதுன்னா பழுதுன்னு ஒரு துண்டு எழுதிக் குடுங்க. இல்லன்னா இல்லன்னு எழுதுங்க. எனக்கே தெரியணும்."

பெட்டரியைக் கழற்றிச் சோதனை மானியில் போட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு வீதம் நலம். நான் போட்ட பெட்டரி அது. நல்ல பெட்டரிதான் போடுவேன். ஒரு தொழிலாளி பொய் எழுதிக் கொடுக்கக் கூடாது. பெட்டரியில் குறை எதுவும் இல்லை என்று சொன்னேன்.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் அழகர்.

சுபாஜினி போனை எடுத்துத் துணியில் சுற்றினாள். "அப்ப நாந்தான் என்னமோ செஞ்சிட்டேன் போல" என்றாள். அவள் அழவில்லை. கணக்கொன்றைச் சரிபார்த்து, விடை தனக்கு எதிராக வந்ததை ஏற்றுக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டினாள். துண்டை எழுதிக் கையெழுத்திட்டு, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தேன். உங்கள் விசாரணைக் கோப்பில் இருக்கும், சேர். அதில் எழுதியிருப்பது ஒவ்வொரு சொல்லும் உண்மை.

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் குழந்தைகளை விடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் முற்றத்துக்கு வந்தால் பெண்கள் உள்ளே போய்விடுகிறார்களாம். வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று, அடுத்த கிழமை விசாரணையில் அலட்சியம் என்று தீர்ந்தால் வழக்கும் வரும் என்கிறார்கள்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகவே வந்தேன். மனச்சாட்சி என்று எழுதிக்கொள்ள வேண்டாம், அது பெரிய சொல். பட்டியல்காரர்கள் என் காரணியை ஏற்றுக்கொண்டு, இவ்வளவு சாவிகளை எப்படிப் போட்டுப் பார்த்தாய் என்று கேட்டு எழுதினார்கள். என்னிடம் ஒருவர் முழுதாக விளக்கம் கேட்டது அதுதான் முதல் தடவை. பதினான்கு பக்கம் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை: பத்தொன்பது போன்கள், அன்றைய நேரங்கள், பெட்டரி அளவுகள். மூன்றாவது வரிசையில் எட்டு ஐந்து, நூறு வீதம் என்று எழுதியபோது கை நின்றது. என் அட்டவணை சரி. அப்படியானால் உங்கள் கோப்பு பிழை. ஒரே விஷயத்துக்கு இரண்டு விடை இருக்க முடியாது. அதன் பிரதியைத்தான் கொண்டுவந்திருக்கிறேன்.

இனி எழுதிக்கொள்ளுங்கள். சுபாஜினி போனை நிறையச் சார்ஜ் செய்தாள். அதைத் தொடவில்லை. ஒரு நாடகமும் பார்க்கவில்லை. அவளுடைய பெட்டரியை முடித்தது நான் போட்ட செயலி. அந்தப் போன் எதற்காக அவளிடம் இருந்தது என்று எனக்கு அவளே சொல்லியிருந்தாள், தெரிந்துகொண்டே விட்டுவைத்தேன். பதினொன்று இருபதுக்கு எண் உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் போனும் ஓடத் தேவையிருக்கவில்லை. எல்லாவற்றையும் நிறுத்த என் திரையில் ஒரு பொத்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவளுடைய போனில் நாற்பத்துமூன்று வீதம் மிச்சம். நிறுத்தியிருந்தால் மறுநாள் வரை தாங்கும். நான் நிறுத்தவில்லை. விடையைப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பேர் இறந்தது அதனால். பிறகு அவள் கேட்டு வந்தபோது, பழுது எங்கே என்று தெரிந்தும், பழுது இல்லாத இடத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

இது மறுபடி நடக்காது என்று உங்களுக்கு உறுதி சொல்ல முடியும். இரண்டு கிழமை இருந்து பிழையைக் கண்டுபிடித்தேன். ஐம்பதா, முப்பத்தைந்தா, இருபதா என்று பெட்டரி அளவிலேயே நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது பெட்டரியை இல்லை, வயரை. செயலியைத் திருத்தி நேற்றுக் காலை ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு போன்களுக்கும் அனுப்பிவிட்டேன். புதிய எண் இருநூற்று இருபத்துநான்கு இலக்கம், நன்றாக நடக்கிறது. கண்ணாடி மாற்ற நீங்கள் ஏப்ரலில் என்னிடம் கொண்டுவந்த, இப்போது மேசையில் இருக்கிற அந்தப் போனிலும் அப்படித்தான், சேர்: சார்ஜில் குத்தியிருந்தால் ஓடும், கழற்றினால் நின்றுவிடும்.